ஜெர்சி எண்ணுக்கு ஓய்வு இருக்கட்டும்... எங்கள் பிள்ளைகளுக்கு அடையாள எண் எங்கே?



சில வாரங்களுக்கு முன் ஈப்போ, புந்தோங்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தோம். என் அக்காள் மகன், தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவன், காற்பந்துப் பைத்தியம். தே தாரிக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்:

"மாமா, மரடோனா போட்ட 10-ஆம் நம்பரை நாப்போலி கிளப் இனிமே யாருக்கும் கொடுக்காதாம். அதே மாதிரி நம்ம ஸ்பைடர்மேன் ஆறுமுகம் போட்ட 1-ஆம் நம்பரை ஏன் ரிட்டயர் பண்ணக்கூடாது? நாமே ஒரு மகஜர் எழுதிக் கொடுக்கலாமே?"

மேசையைச் சுற்றியிருந்த எல்லோரும் தலையாட்டினார்கள். நான் மட்டும் "வேண்டாம்" என்றேன்.

"ஏன் மாமா, ஆறுமுகம்னா உங்களுக்கு உயிராச்சே?"

உயிர்தான். அதனால்தான் வேண்டாம் என்கிறேன். அன்று கடையில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன். கோபம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கடைசி வரை படியுங்கள்.

யார் இந்த ஆறுமுகம்?

இளைய தலைமுறைக்காகச் சொல்கிறேன். ஆர். ஆறுமுகம். 1953-இல் கிள்ளானில் பிறந்தவர். சிலாங்கூர் மாநிலத்துக்கும் மலேசியாவுக்கும் கோல் காவலர். நீண்ட கைகள். எந்த மூலைக்குப் பந்து போனாலும் அந்தக் கை அங்கே இருக்கும். அதனால்தான் நாடே அவரை 'ஸ்பைடர்மேன்' என்று கூப்பிட்டது. தமிழன் மட்டும் கூப்பிடவில்லை. மலாய்க்காரரும் சீனரும் சீக்கியரும் கூப்பிட்டார்கள்.

1974-இல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் மலேசியா வெண்கலம் வென்ற காலம் அது. மொக்தார் டஹாரி, சோ சின் ஆன், சந்தோக் சிங், ஆறுமுகம் என்று ஒரே மூச்சில் பெயர்களைச் சொல்லுவோம். எந்தப் பெயர் எந்த இனம் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

1980 ஏப்ரல் 6. கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கம். தென் கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றோம். ஜேம்ஸ் வோங் வெற்றி கோலைப் போட்டார். பின்னால் வலையைக் காத்தவர் ஆறுமுகம். ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்து நம் அரசாங்கம் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. வென்றவர்கள் மாஸ்கோ மண்ணை மிதிக்கவே இல்லை. அந்தக் காலக் குழுவை வைத்துத்தான் 2016-இல் 'ஓலா போலா' படம் எடுத்தார்கள். அதில் கோல் காவலர் பெயர் முத்து. ஏன் முத்து என்று நம் பிள்ளைகள் கேட்டால் ஆறுமுகத்தின் கதையைச் சொல்லுங்கள்.

1988 டிசம்பரில் சாலை விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 35.

கருப்புக் குடைத் துணியில் ஓர் எண்

நான் பிறந்தது 1970-இல், சிம்மோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். விடியுமுன் பெரட்டு. அம்மா பால் மரம் வெட்டப் போய்விடுவார். நாங்கள் ஆயாக் கொட்டகையில் வளர்ந்து, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்து, சாயங்காலமானால் திடலுக்கு ஓடுவோம்.

திடல் என்றால் பெரிதாக எண்ணாதீர்கள். லயத்துக்கும் கோயிலுக்கும் நடுவில் ஒரு சரிவான புல்வெளி. ஒரு பக்கம் கோல் கம்பம் ரப்பர் மரக் கட்டை. மறுபக்கம் இரண்டு சிலிப்பர்.

தோட்டத்து கிளப்பில் ஒரே ஒரு டிவி. சாயங்காலம் ஜெனரேட்டர் போட்டால்தான் படம் தெரியும். மலேசியக் கிண்ண ஆட்டம் என்றால் லயமே அங்கே உட்கார்ந்திருக்கும். பேராவும் சிலாங்கூரும் மோதும்போது எங்களுக்குப் பெரிய தர்மசங்கடம்! நாங்கள் பேராக்காரர்கள். பேரா ஜெயிக்க வேண்டும். ஆனால் ஆறுமுகம் கோல் விடக்கூடாது! பந்தை அவர் பிடித்தால் பேராக்காரர்களே கைதட்டுவோம். கிராணி திரும்பிப் பார்த்து, "என்னடா நீங்க எந்தப் பக்கம்?" என்று சிரிப்பார்.

என் பெரியப்பா மகன், என்னைவிட ஒரு வயது மூத்தவர். திடலில் அவர்தான் எங்கள் ஸ்பைடர்மேன். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையின் முதுகில் '1' என்ற எண் வேண்டும் என்றார். ஜெர்சி வாங்கப் பணம் ஏது? பழைய கருப்புக் குடையின் துணியை வெட்டினோம். மங்கில் மிச்சமிருந்த ரப்பர் பாலைத் தடவி ஒட்டினோம். காய்ந்ததும் கல் மாதிரி பிடித்துக்கொண்டது. நாற்றம்தான் போகவில்லை. பெரியம்மா அடித்த அடியில் அண்ணனுக்கு இரண்டு நாள் காய்ச்சல். மூன்றாம் நாள் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு திடலுக்கு வந்தார்.

அந்தச் சட்டைதான் நான் பார்த்த முதல் ஜெர்சி.

பாரத்தில் ஒரு கட்டம்

அண்ணனுக்கு 18 வயது. வார இறுதியில் பக்கத்துத் தோட்டங்களோடும் சீனக் கம்பத்தோடும் ஆடுவோம். ஒரு நாள் ஆட்டம் பார்க்க வந்த மலாய் ஆசிரியர் ஒருவர் அண்ணனைக் கூப்பிட்டார். இளைஞர் குழுவுக்கு ஆட்களைத் தேர்வு செய்கிறார்கள், ஈப்போவுக்கு வா என்றார். பஸ் காசும் அவரே கொடுத்தார். அந்த ஆசிரியருக்கு நான் இன்றும் நன்றி சொல்வேன்.

தேர்வு நடந்த இடத்தில் ஒரு பாரம் கொடுத்தார்கள். பெயர், முகவரி, உயரம். அடுத்த கட்டம்: அடையாள அட்டை எண்.

அண்ணனிடம் எண் இல்லை. அட்டையே இல்லை.

லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்தவர். பெரியப்பா சீக்கிரமே இறந்துவிட்டார். பிறப்பைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் பதிந்திருப்பார்கள் என்று பெரியம்மா நினைத்துக்கொண்டிருந்தார். யாரும் பதியவில்லை. 12 வயதில் அடையாள அட்டை எடுக்கப் போனபோது பிறப்புப் பத்திரம் கேட்டார்கள். இல்லை. தாய் தகப்பனின் பத்திரம் கேட்டார்கள். அவர்களும் லயத்தில் பிறந்தவர்கள்தான். "பிறகு வாருங்கள்" என்றார்கள். ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. எத்தனை முறை பெரியம்மா போவார்?

பாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அண்ணன் ஒரு பந்தைக்கூடப் பிடிக்காமல் பஸ் ஏறினார். வீட்டில் கேட்டதற்கு, "ஆள் நிறைய வந்துட்டாங்க" என்று மட்டும் சொன்னார். உண்மையை என்னிடம் சொன்னது ஐந்து வருடம் கழித்து.

பிறகு தோட்டம் விற்கப்பட்டது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய்த் தாமான் வந்தது. அண்ணன் குத்தகைக்காரர்களிடம் நாள் கூலிக்குக் குலை வெட்டினார். அட்டை இல்லாதவருக்கு சேமநிதி ஏது, சொக்சோ ஏது? நாற்பது வயதுக்கு மேல்தான் ஓர் அட்டை கிடைத்தது. நிறம் சிவப்பு! பிறந்த மண்ணில் நிரந்தரவாசியாம். ஓட்டுரிமை கிடையாது. இன்று அதே தாமானில் ஒரு நுழைவாயிலில் காவலாளியாக உட்கார்ந்திருக்கிறார். எங்கள் கோல் கம்பம் நின்ற இடத்திலிருந்து நூறு அடி தூரம் இருக்கும்.

உறவுகளே, இப்போது சொல்லுங்கள். எந்த எண்ணுக்கு நாம் மகஜர் எழுத வேண்டும்?

எண்ணுக்கு ஓய்வு என்றால் என்ன?

என் மருமகன் சொன்னதில் தவறில்லை. பெரிய கிளப்புகள் செய்கின்றன. நாப்போலி 2000-இல் மரடோனாவின் 10-ஐ எடுத்து வைத்தது. ஏசி மிலான் பரேசியின் 6-ஐ எடுத்து வைத்தது. அயாக்ஸ் 2007-இல் குரைஃபின் 14-ஐ எடுத்து வைத்தது. கிரிக்கெட்டில் டெண்டுல்கரின் 10, டோனியின் 7.

ஆனால் நாட்டுக் குழுவுக்கு அது நடக்காது. 2002 உலகக் கிண்ணத்துக்கு அர்ஜென்டினா மரடோனாவை நினைத்து 10-ஆம் எண் இல்லாமல் பட்டியல் அனுப்பியது. வரிசை எண் விடுபடக்கூடாது என்று ஃபிஃபா திருப்பி அனுப்பியது. 10-ஐ ஒர்ட்டேகா போட்டுக்கொண்டு ஆடினார். 1-ஆம் எண்ணோ கோல் காவலருக்கென்றே உள்ளது. அதை எப்படி எடுத்து வைப்பது? ஆறுமுகம் ஆடிய காலத்தில் எண் ஆளுக்குச் சொந்தமும் இல்லை. அன்றைக்கு வலைக்கு முன் நிற்பவர் யாரோ அவருக்கே 1.

சரி, கிளப்பாவது செய்யட்டும் என்பீர்கள். எங்கள் பேரா கிளப்பின் நிலைமை என்ன? 2018-இல் மலேசியக் கிண்ணத்தைத் தூக்கிய பேரா, 2025-இல் பண நெருக்கடியில் சூப்பர் லீக்கிலிருந்தே விலகிக்கொண்டது. கிளப்பே ஓய்வெடுக்கும் ஊரில் எண்ணுக்கு என்ன ஓய்வு!

இதற்கு ஒரே ஓர் உதாரணத்தை நான் மதிக்கிறேன். அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர் ஜாக்கி ராபின்சன். கருப்பினத்தவரைப் பெரிய லீக்கில் சேர்க்காமல் பல பத்தாண்டுகள் பூட்டி வைத்திருந்த கதவு அது. 1947-இல் அதை உடைத்துக்கொண்டு உள்ளே போனார். அவர் போட்டிருந்த எண் 42. ஐம்பது ஆண்டு கழித்து, 1997-இல், எல்லாக் குழுக்களும் 42-க்கு ஓய்வு கொடுத்தன. ஆனால் ஆண்டுக்கு ஒரு நாள், ஏப்ரல் 15, எல்லா ஆட்டக்காரர்களும் 42-ஐப் போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள்.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் கதவு திறந்தது. அவருக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான கருப்பின இளைஞர்கள் உள்ளே வந்தார்கள். அதன் பிறகுதான் எண்ணைச் சுவரில் மாட்டினார்கள். நாமோ கதவு மூடிய பிறகு சுவரில் ஆணி அடிக்கச் சொல்கிறோம். அது மரியாதை ஆகாது. அது மாலை போட்ட படம்.

யாருடைய தாத்தா?

2025 ஜூன் 10. புக்கிட் ஜாலிலில் மலேசியா வியட்நாமை 4-0 என்று வென்றது. நானும் எழுந்து நின்று கத்தினேன். பொய் சொல்ல மாட்டேன்.

செப்டம்பரில் ஃபிஃபாவின் தீர்ப்பு வந்தது. வெளிநாட்டில் பிறந்த ஏழு ஆட்டக்காரர்களுக்காக மலேசியக் காற்பந்துச் சங்கம் கொடுத்த பத்திரங்கள் திருத்தப்பட்டவை என்றது ஃபிஃபா. அவர்களுடைய தாத்தா, பாட்டி மலேசியாவில் பிறந்ததாகக் காட்டப்பட்டிருந்தது. ஃபிஃபா தேடி எடுத்த மூலப் பத்திரங்களில் இருந்தவையோ அர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின், நெதர்லாந்து ஊர்கள். சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்க் அபராதம். ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் 2,000 பிராங்க் அபராதம், 12 மாதத் தடை. நிர்வாகத் தவறு என்றது சங்கம். நவம்பரில் மேல்முறையீட்டையும் ஃபிஃபா தள்ளுபடி செய்தது.

குடியுரிமை அரசியலமைப்புச் சட்டப்படியே வழங்கப்பட்டது என்று உள்துறை அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். இங்கே வாழ்ந்திருக்க வேண்டிய காலத்தில் தமக்குள்ள தனி அதிகாரத்தைப் பயன்படுத்தியதாகவும் விளக்கினார்.

அமைச்சர் அவர்களே, அந்தத் தனி அதிகாரம் ஒன்று இருக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். மிக்க நன்றி! அதைத்தான் நாங்களும் கேட்கிறோம்.

அவர்களுடைய தாத்தாவின் பிறப்பைத் தேடக் கடல் தாண்டிப் போக வேண்டியிருந்தது. எங்கள் தாத்தா இங்கேயே இருக்கிறார். தோட்டத்து இடுகாட்டில்! செக்ரோல் புத்தகத்தில் அவர் பெயர் இருந்தது. கோயில் திருவிழா நன்கொடைப் பட்டியலில் இருந்தது. தமிழ்ப்பள்ளி வருகைப் பதிவேட்டில் பிள்ளைகளின் பெயர் இருந்தது. கூலி கொடுக்க ஆளைத் தெரிந்தது. குடியுரிமை கொடுக்க மட்டும் ஆளைத் தெரியவில்லையா?

இது ஒரு குடும்பத்தின் கதை அல்ல. சுதந்திரத்துக்குப் பிறகு குடியுரிமைப் பாரத்தை நிரப்பத் தெரியாமலும், மலாய் மொழித் தேர்வுக்குப் பயந்தும், சிவப்பு அட்டையோடு நின்றுபோன தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில். 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவன் வேலை செய்யப் பெர்மிட் எடு என்றார்கள். அதன் பிறகு ஏறத்தாழ 60,000 பேர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறியதாக வரலாறு சொல்கிறது. அதில் எத்தனை ஆறுமுகம் போனார்களோ! மிஞ்சியவர்களின் பேரப்பிள்ளைகளில் சிலர்தான் இன்றும் பத்திரம் இல்லாமல் அலைகிறார்கள்.

"இனவாதம் பேசாதே" என்பவர்களுக்கு

உடனே ஒரு கூட்டம் வரும். விளையாட்டில் இனம் பார்க்காதே என்று புத்தி சொல்லும்.

ஐயா, நாங்கள் பார்க்கவில்லை. அண்ணனுக்குப் பஸ் காசு கொடுத்தவர் மலாய் ஆசிரியர். வெளிநாட்டில் பிறந்த அந்த ஆட்டக்காரர்கள் மீதும் எங்களுக்குப் பகை இல்லை. பிழைக்க வந்தவனின் வலி எங்களைவிட யாருக்குத் தெரியும்? இந்தக் கொடுமை தமிழனுக்கு மட்டும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. சபா, சரவாக் உள்பகுதிகளில் பத்திரம் இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். பழங்குடிக் கிராமங்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும் சேர்த்தே கேட்கிறோம்.

இன்னொரு கூட்டம், "தகுதி இருந்தால் தானாக வருவான்" என்கும். தகுதிக்கு என்ன குறைச்சல்? 2010-இல் மலேசியா முதன்முதலாகத் தென்கிழக்காசிய சுசூக்கி கிண்ணத்தை வென்றதே, அந்தக் குழுவின் பயிற்றுநர் யார்? கே. ராஜகோபால்! அதற்கு முந்தைய ஆண்டு சீ விளையாட்டுத் தங்கம் யார் பயிற்சியில்? அதே ராஜகோபால்! தகுதி திடலில்தான் தெரியும். திடலுக்குள் விட மாட்டேன் என்று வாசலில் பாரத்தை நீட்டினால் தகுதி எப்படித் தெரியும்?

நம் வீட்டுப் பக்கமும் கொஞ்சம் பார்ப்போம்

அரசாங்கத்தை மட்டும் ஏசிவிட்டுப் போனால் நான் பாதி உண்மைதான் சொன்னதாகும். அன்று பெரியம்மாவுக்குத் தெரியாது. இன்று நமக்குத் தெரியும். இன்னும் ஏன் இந்த அலட்சியம்?

கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது. 1982 மார்ச் முதல் திருமணத்தைச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும். தாய் இந்த நாட்டுக் குடிமகளாக இல்லாமல், திருமணமும் பதிவாகாமல் இருந்தால், தகப்பன் நீல அட்டைக்காரராக இருந்தும் பிள்ளை குடியுரிமை இல்லாமல் தவிக்கும். விருந்துக்கும் மேளத்துக்கும் ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறோம். ஒரு கையெழுத்துக்கு நேரமில்லையா?

தீபகற்பத்தில் குழந்தை பிறந்த 60 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். ஆஸ்பத்திரியில் கட்டணம் பாக்கி, கணவன் மனைவி சண்டை, நல்ல நாள் பார்த்துப் பெயர் வைக்க வேண்டும்... எந்தக் காரணமும் ஆகாது. தாமதம் ஆகிவிட்டதா? அதற்கும் வழி உண்டு. பயந்து வீட்டில் உட்காராதீர்கள். நாள் ஆக ஆகச் சாட்சிகள் குறைவார்கள். மருத்துவச்சி இறந்துவிடுவார், தோட்டத்து ஆபீஸ் மூடிவிடும்.

பிள்ளை சட்டம் சொல்லும் வயது வரம்பைத் தாண்டவில்லை என்றால் அரசியலமைப்பின் 15ஏ பிரிவின் கீழ் விண்ணப்பிக்கலாம். அந்த வயதைத் தாண்டினால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். உங்கள் லயத்தில், உங்கள் பிளாட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் இந்த வாரமே பேசுங்கள்.

நாங்கள் கேட்பது இவைதான்

1. தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இன்றும் சிவப்பு அட்டையோடும் அட்டையே இல்லாமலும் வாழும் முதியவர்களுக்கு எந்த மொழித் தேர்வும் இன்றிக் குடியுரிமை வழங்க வேண்டும். ஆட்டக்காரர்களுக்குப் பயன்பட்ட தனி அதிகாரம் இவர்களுக்கும் பயன்படட்டும்.

2. 15ஏ விண்ணப்பங்களுக்குக் கால வரம்பு வேண்டும். மறுத்தால் எழுத்தில் காரணம் வேண்டும்.

3. தமிழ்ப்பள்ளிப் பதிவேடு, தோட்டத்துச் செக்ரோல், கோயில் ஆவணம் ஆகியவற்றைச் சாட்சியாக ஏற்க வேண்டும்.

4. 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் விளையாட்டுத் தேர்வுகளில் அடையாள எண் இல்லாத பிள்ளையையும் ஆட விட வேண்டும். முதலில் பந்தைப் பிடிக்கட்டும். காகிதத்தைப் பிறகு பேசுவோம்.

5. தோட்ட நிலம் தாமானாக மாறும்போது திடலும் தமிழ்ப்பள்ளி நிலமும் தொடப்படக்கூடாது.

இவையெல்லாம் நடந்த பிறகு வாருங்கள். ஆறுமுகத்தின் எண்ணுக்கு ஓய்வு கேட்டு நானே முதல் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரு 1-ஆம் எண்

மலேசிய அடையாள அட்டையில் இன்று 12 இலக்கம். முதல் ஆறு பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். பேராவுக்கு 08. அந்த 08 என்பது, "நீ இந்த மண்ணில் பிறந்தவன்" என்று நாடு எழுதிக் கொடுக்கும் வார்த்தை. ஜெர்சியில் இருக்கும் எண்ணைக் கழற்றி மாட்டலாம். இந்த எண்ணைக் கழற்ற முடியாது. இது இல்லாதவனுக்கு வேறு எந்த எண்ணும் கிடைக்காது.

போன தீபாவளிக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். பழைய பேச்சு வந்தது. "அந்தச் சட்டை என்னாச்சு?" என்று கேட்டேன். "சட்டை கிழிஞ்சு போச்சுடா. நம்பர் மட்டும் கடைசி வரைக்கும் உரியல" என்றார்.

ரப்பர் பால் ஒட்டிய எண் உரியவில்லை. அதை ஒட்டிய கைகளைத்தான் இந்த நாடு உரித்துப் போட்டது.

என் மருமகனுக்கு ஒரு வார்த்தை. மகஜர் எழுதப்பா. கண்டிப்பாக எழுது. ஆனால் மேலே '1' என்று எழுதாதே. '08' என்று எழுது. முதல் கையெழுத்தை உன் பெரிய மாமாவிடம் வாங்கு. சிவப்பு அட்டை எண்ணையும் பக்கத்தில் எழுதச் சொல்.

சிந்திப்போம்! பதிவு செய்வோம்! உரிமையைக் கேட்போம்!

— சிம்மோர் தோட்டத்து முன்னாள் மாணவன்